உரைத்துப் பாராத பொன்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் சிறுவன் ஒருவனுக்குப் ‘பத்துமலை’ என்னும் தலைப்பில் திரட்டேடு ஆயத்தம் செய்யுமாறு இடுபணி தரப்படுகிறது. ‘இணையத்தில் தேடி எழுதுக’ என்பது மட்டுமே அவனுக்குக் கிட்டும் வழிகாட்டல். வீட்டுக்குச் சென்ற சிறுவன் தந்தையின் திறன்பேசியை வாங்குகிறான். தேடுபொறியில் ஒரு சொல்லை இடுகிறான். முதலில் வந்து நிற்கும் பக்கத்தைத் திறக்கிறான். படத்தை அச்சிட்டு ஒட்டுகிறான். கண்ணில் பட்ட பத்து வரிகளைப் பார்த்தெழுதுகிறான். ‘உலகிலேயே மிக உயரமான முருகன் சிலை பத்துமலையில் உள்ளது’ என்பது அவற்றுள் ஒரு வரி. ஆசிரியர் சிவப்பு மையால் சரியிட்டுக் கையொப்பமிடுகிறார். ஏடு கண்காட்சி மேசைக்குச் செல்கிறது.

அந்த வரி பிழையானது. பத்துமலையில் 2006ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 140 அடி. பதினாறு ஆண்டுக் காலம் அதனை விஞ்சிய முருகன் சிலை உலகில் இருந்ததில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், ஆத்தூருக்கு அருகே, முத்துமலையில் 146 அடி உயர முருகன் சிலைக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அன்றோடு பழைய பெருமை கைமாறிற்று. ஆயினும், அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் திருத்துவாரின்றி அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தெழுதிய பக்கங்களும் பிழையைப் பெருக்கிக்கொண்டே போகின்றன. அதே திரட்டேட்டில் குகைக்கோயில் தோன்றிய ஆண்டு 1890 என்றிருக்கும். அடுத்த மாணவியின் ஏட்டில் 1891 என்றிருக்கும். இரண்டுக்கும் சரியிடப்படும். ஏன் இருவேறு ஆண்டுகள் என்று கேட்பார் இலர்.

ஆறடி வேறுபாட்டுக்கும் ஓராண்டு வேறுபாட்டுக்கும் இத்துணை ஆரவாரம் வேண்டுமா என வினவுவார் உளர். வேண்டும். பிழையின் அளவைவிட அது எவ்வழியில் வந்தது என்பதே கவலைக்குரியது. பத்து வயதுச் சிறுவனுக்குத் ‘தேடு’ என்று கட்டளையிடப்பட்டது. ‘தெளி’ என்று ஒருவரும் கற்பிக்கவில்லை. தேடத் தெரிந்து தெளியத் தெரியாத தலைமுறை ஒன்று தமிழ் வகுப்பறைகளிலேயே உருவாகி வருகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் குற்றச்சாட்டு.

குற்றவாளி யார்?

மாணவர் சோம்பேறிகளாகிவிட்டனர், எதையும் படிப்பதில்லை, இணையத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகின்றனர் என்னும் புலம்பல் ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் ஒலிக்கிறது. இப்புலம்பலில் நேர்மை இல்லை. பார்த்தெழுதுவதைத் தவிர வேறு எதைச் செய்யுமாறு அம்மாணவருக்குக் கற்பிக்கப்பட்டது? நீச்சல் அறியாத பிள்ளையை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, ‘அக்கரைக்குப் போய் வா’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த ஒருவர், பிள்ளை நீரில் தத்தளிப்பதைக் கண்டு அதன்மீதே குறைகூறுவாராயின், அவரை உலகம் என்னென்று சொல்லும்?

நூலகத்தில் தேடிய காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை ஆசிரியர் உணர்தல் வேண்டும். அக்காலத்தில் மாணவன் கைக்கு ஒரு நூல் வருமுன் அதனைப் பலர் சலித்திருந்தனர். எழுதியவர் ஒருவர், பதிப்பாசிரியர் ஒருவர், நூலகத்துக்கு இது தகும் எனத் தேர்ந்தெடுத்த நூலகர் ஒருவர், இந்த நூலைப் படி என்று எடுத்துக் கொடுத்த ஆசிரியர் ஒருவர். அந்நூல்களிலும் பிழைகள் இருந்தன. ஆயினும் நால்வரின் கண்கள் அவற்றின்மேல் பட்டிருந்தன. இன்று அந்த நான்கு சல்லடைகளும் நீங்கிவிட்டன. எழுதியவர் விசையைத் தட்டிய மறுநொடியே எழுத்து சிறுவனின் கண்முன் நிற்கிறது. நால்வர் ஆற்றிய பணி முழுவதும் பத்து வயதுப் பிள்ளை ஒருவனின் தோளில் இறக்கப்பட்டுள்ளது. அந்தச் சுமையை எவ்வாறு தூக்குவது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தேடுபொறியில் முதலில் வருவது மெய்யானது என்னும் மயக்கம் பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பெரியோரிடமும் வேரூன்றியுள்ளது. முதலிடத்துக்கும் மெய்ம்மைக்கும் யாதொரு தொடர்புமில்லை. பலர் நாடுவது, பல பக்கங்கள் சுட்டுவது, விளம்பரத்துக்குப் பணம் தந்தது ஆகியவை முன்னே வருகின்றன. சந்தையில் உரத்துக் கூவுபவனின் கடைச்சரக்கே சிறந்த சரக்கு என்று எந்தத் தாயும் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அறிவுச் சந்தையில் மட்டும் அவ்வாறு நம்பலாமோ?

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் கைக்கு வந்தபின் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவி, நூலகத்தைப் போல நூலை எடுத்துக் கொடுப்பதன்று. எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துத் தொடரமைப்பது. ஆகவே அது இல்லாத நூலுக்கும் பெயரிடும். நடவாத நிகழ்வுக்கும் ஆண்டு தரும். அதுவும் தயக்கமின்றி, பிழையற்ற நடையில் தரும். அக்கருவியை நடத்தும் நிறுவனமே 13 வயது நிரம்பாதோர் அதனைப் பயன்படுத்தலாகாது என விதித்திருக்கிறது. தொடக்கப்பள்ளி மாணவரோ 7 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர். அவ்வாறிருக்க, ‘அதனிடம் கேட்டு எழுதி வா’ என்று பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோரும், கேட்டு எழுதியது தெரிந்தும் மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் எதனைக் கற்பிக்கின்றனர்?

இனிக்கும் பொய்கள்

பொதுவான பிழைகளை விடவும் கொடியவை, தமிழருக்கு இனிக்கும் பொய்கள். இவை புலனத்தில் பகிரப்பட்டு, முகநூலில் பாராட்டப்பட்டு, வலையொளியில் இசையோடு உலவி, இறுதியில் மாணவனின் திரட்டேட்டில் வந்து அமர்கின்றன. இவற்றைக் கண்டிக்கத் தமிழாசிரியர் தயங்குகின்றனர். கண்டித்தால் இனப்பற்று இல்லாதவர் என்னும் பழி வந்து சேருமோ என்னும் அச்சமே காரணம்.

கடாரத்தை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் சிறீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது என்பது தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்ட செய்தி. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், யானைகளும் பெருஞ்செல்வமும் வித்தியாதரத் தோரணமும் கைப்பற்றப்பட்டதையும் அம்மெய்க்கீர்த்தி கூறுகிறது. இது மெய்; தமிழர் பெருமை கொள்ளத்தக்க மெய். ஆனால் இணையத்தில் உலவும் பக்கங்கள் இதனோடு நிற்பதில்லை. சோழர் மலாயாவைப் பல தலைமுறை அரியணையில் வீற்றிருந்து ஆண்டனர் என்பது ஒரு பக்கம். கம்போடியாவின் அங்கோர்வாட்டைக் கட்டியவனே தமிழ் வேந்தன் என்பது இன்னொரு பக்கம். மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த ஆட்சியைச் சொல்லவில்லை. அங்கோர்வாட்டை எழுப்பியவன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன்.

இலெமூரியாக் கண்டத்தின் கதையும் இத்தகையதே. 1864ஆம் ஆண்டு பிலிப் சிகிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்கினங்களின் ஒப்புமையை விளக்க, மூழ்கிப்போன நிலப்பரப்பு ஒன்று இருந்திருக்கலாம் எனக் கருதினார். அதற்கு அவர் இட்ட பெயரே இலெமூரியா. இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் நிலத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றபின் அக்கருதுகோளுக்குத் தேவை இல்லாது போயிற்று. சிலப்பதிகாரமும் இறையனார் அகப்பொருள் உரையும் கூறும் கடல்கோள் செய்தி தமிழரின் இலக்கிய மரபு. அதனை மரபாகவே கற்பிப்பதில் தவறேதுமில்லை. அம்மரபையும் கைவிடப்பட்ட அறிவியல் கருதுகோளையும் ஒன்றாகப் பிசைந்து, வரைபடமும் வரைந்து, ‘மெய்ப்பிக்கப்பட்ட உண்மை’ என்று பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பதே தவறு.

இதனால் விளையும் கேடு எத்தகையது? அந்தப் பிள்ளை தொடக்கப்பள்ளியில் என்றும் இருந்துவிடப் போவதில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் செல்வான்; அங்குப் பிறமொழிப் பாடநூலைத் திறப்பான்; பல்லின மாணவர் நடுவே தான் கற்றதை எழுந்து சொல்வான். ‘சான்று எங்கே?’ என்று ஒருவர் கேட்பார். சான்று இராது. அன்று அவன் மனத்தில் இலெமூரியா மட்டும் மூழ்குவதில்லை. தமிழில் படித்தவை அனைத்தும் கட்டுக்கதை, மெய்யறிவு வேறு மொழிகளில்தான் கிடைக்கும் என்னும் முடிவுக்கு அவன் வருவான். கடாரத்து வெற்றி என்னும் உண்மைச் செய்தியையும் அவன் அன்றோடு ஐயுறுவான். 1816ஆம் ஆண்டு பினாங்கில் வித்தூன்றப்பெற்று இருநூறாண்டைக் கடந்துவிட்ட தமிழ்க்கல்விக்கு இதனினும் பெரிய இழுக்கு வேறென்ன வேண்டும்? பொய்யால் வளர்க்கப்பட்ட மொழிப்பற்று, முதல் வினாவிலேயே முறிந்துவிடும்.

தமிழருக்கு மெய்ச்சான்றுகள் குறைவாக இருந்தாலாவது பொய்க்கு ஒரு சாக்கு இருக்கும். குறைவில்லையே! வைகைக் கரையின் கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு மண்ணுக்குள் புதைந்திருந்த நகர நாகரிகத்தை வெளிக்கொணர்ந்தது; அங்குக் கிடைத்த சான்றுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. மலேசியாவுக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் குளோங்தோமில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த சிறு கல் ஒன்று கிடைத்துள்ளது. பெரும்பதன் என்பானுக்கு உரியது என்று தன்னைத்தானே அறிவிக்கும் அக்கல், மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. அது யாது? பொற்கொல்லன் ஒருவனின் உரைகல். கடல் கடந்து வந்த தமிழன் தன்னோடு கொண்டுவந்தது பொன்னை மெய்யா பொய்யா என உரைத்துப் பார்க்கும் கருவி. அவன் வழிவந்தோர் இன்று உரைத்துப் பாராமலே பித்தளையைப் பிள்ளைகளுக்குப் பூட்டி மகிழ்கின்றனர்.

மூன்று தப்பு வழிகள்

இந்நிலைக்கு மாற்றாக மூன்று வழிகள் அவ்வப்போது முன்வைக்கப்படுகின்றன. மூன்றும் தப்பு வழிகளே.

‘இணையத்தையே தடை செய்க; நூலகத்துக்குத் திரும்புக’ என்பது முதல் வழி. நூலகம் போற்றத்தக்கதே. ஆனால் தோட்டப்புறத்துச் சிறிய தமிழ்ப்பள்ளிகளின் நூலக அலமாரிகளில் இருக்கும் தமிழ்த் தகவல் நூல்கள் எத்தனை? அவை அச்சான ஆண்டுகள் எவை? 2006ஆம் ஆண்டு புளூட்டோ கோள் என்னும் தகுதியை இழந்தது. அதற்கு முன் அச்சான நூல் ஒன்பது கோள்கள் என்றே சொல்லும். அச்சேறியதனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது. மேலும், பள்ளி தடுத்தாலும் வீடு தடுக்கப்போவதில்லை. தடையால் ஆவது ஒன்றே: பிள்ளை ஆசிரியரின் துணையின்றி, தனியே, இரவில் தேடுவான்.

‘பிள்ளைகள் விரும்பியவாறு தேடட்டும், தாமே தெளிவர்’ என்பது இரண்டாம் வழி. இது தாராள மனம் போலத் தோன்றும் கைகழுவல். எழுத்துக் கூட்டப் பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும். வாய்பாடு சொல்ல ஆசிரியர் வேண்டும். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய மட்டும் ஆசிரியர் வேண்டாவோ?

‘தமிழில் நம்பத்தக்கது ஒன்றுமில்லை, ஆங்கிலத்திலோ மலாயிலோ படித்து, மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டுத் தமிழாக்கிக் கொள்க’ என்பது மூன்றாம் வழி. மூன்றனுள் இதுவே மிகுதியாகக் கையாளப்படுவது. மிகுதியாக இழிவு தருவதும் இதுவே. கருவி தந்ததை அப்படியே எழுதும் மாணவனின் ஏட்டில் ‘சுங்கை பத்து’ என்னும் ஊர் ‘கல் ஆறு’ ஆகும். ‘லெம்பா பூஜாங்’ என்பது ‘மணமாகாதவன் பள்ளத்தாக்கு’ என்று வந்து நின்றாலும் வியப்பில்லை. பிறமொழி மூலங்களைப் படிப்பது நன்று. படித்துப் புரிந்துகொண்டு தன் சொல்லில் தமிழில் எழுதுவது அதனினும் நன்று. புரியாமல் பெயர்த்து வைப்பது தமிழும் அன்று, கல்வியும் அன்று.

உள்ள செல்வமும் இல்லாத செல்வமும்

தமிழில் ஒன்றுமில்லை என்பது அறியாதார் கூற்று. இணையத்தில் தமிழ் கால்கொண்ட வரலாற்றில் சிங்கப்பூரும் மலேசியாவும் முன்னோடிகள். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையமேறியபோது அவற்றுள் தமிழும் இடம்பெறச் செய்தவர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. ‘இணையம்’ என்னும் சொல்லைத் தமிழுக்குத் தந்தவர் எனப் போற்றப்படுபவரும் அவரே. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி வருகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தையும், 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் காணலாம். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் நூலகம் திட்டம் காத்து வருகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் பலவற்றை மின்படியாக்கியுள்ளது. 1965 முதல் அரை நூற்றாண்டில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் 2015இல் மின்மரபுடைமையாகத் தொகுக்கப்பட்டன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கட்டுரையின் அடியில் தரப்படும் மேற்கோள்களைக் கொண்டு அவற்றை உரைத்துப் பார்க்கவும் இயலும்.

எனினும், ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். இச்செல்வத்தில் பெரும்பகுதி பெரியோருக்கு உரியது. பத்து வயதுப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் எளிய நடையில், குறுகிய அளவில், மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலைப் பற்றி, யார் எழுதினார், எப்போது எழுதினார், எதைக் கொண்டு எழுதினார் என்னும் குறிப்போடு தமிழில் உள்ள பக்கங்கள் மிகச் சில. இக்குறை வானத்திலிருந்து வந்ததன்று. சிறுகதைக்கும் கவிதைக்கும் போட்டி வைக்கும் தமிழ் அமைப்புகள், சிறுவர் தகவல் இலக்கியத்தை இலக்கியமாகவே கருதுவதில்லை. வெற்றிடம் வெற்றிடமாகவே இராது. நல்லோர் எழுதாத இடத்தில் புலனச் செய்தி குடியேறும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, ‘இணையத்தில் தேடுக’ என்னும் வெற்றுக் கட்டளை தமிழ் வகுப்பறைகளிலிருந்து நீங்க வேண்டும். இடுபணி தரும் ஆசிரியர், தாம் படித்துப் பார்த்துத் தேர்ந்த மூன்று அல்லது நான்கு மூலங்களைப் பெயர் சுட்டித் தருதல் வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் கடல் வேண்டா. தூய கிணறு போதும். ஆசிரியருக்கு இதற்கு நேரம் ஏது என்னும் வினா நேர்மையானது. ஓர் ஆசிரியர் எல்லாத் தலைப்புக்கும் தேடின் நேரம் போதாது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், பள்ளிக்கு ஒரு தலைப்பென்று பகுத்துக்கொண்டால் எவருக்கும் சுமையில்லை.

இரண்டாவதாக, மூன்று வினாக்கள் வாய்பாடு போலப் பிள்ளைகளின் நாவில் பதிய வேண்டும்: சொன்னவர் யார்? சொன்ன ஆண்டு எது? சான்று என்ன? இம்மூன்றுக்கும் விடை தராத பக்கத்திலிருந்து ஒரு வரியும் எடுத்தலாகாது. பத்துமலைச் சிறுவன் இரண்டாம் வினாவை மட்டும் கேட்டிருந்தாலும் தன் பிழையைத் தானே கண்டிருப்பான். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2013 முதல் மூலத்தை அறிதல், புரிதல், ஆய்தல், மதிப்பிடல் என்னும் நான்கு படிகளைப் பரப்பி வருகிறது. மலேசியாவில் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க 2017ஆம் ஆண்டு அரசு அகப்பக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. இவற்றைத் தமிழ் வகுப்புக்கு ஏற்பப் பயன்படுத்துவதைத் தடுப்பார் யார்?

மூன்றாவதாக, ஒரு செய்திக்கு இரு மூலம் என்னும் விதி வேண்டும். ஒன்றையொன்று பார்த்தெழுதிய இரு பக்கங்கள் இரு மூலங்கள் ஆகா. இரண்டும் முரண்பட்டால் அம்முரண்பாட்டையே மாணவன் எழுதட்டும். ‘சிலர் 1890 என்பர், சிலர் 1891 என்பர்’ என்று எழுதும் பிள்ளை, ஓர் ஆண்டை மட்டும் எழுதிய பிள்ளையைவிட மேலான ஆய்வாளன். அவனுக்கே கூடுதல் மதிப்பெண் உரியது. வண்ணத்தாளுக்கும் ஒட்டுப்படத்துக்கும் மதிப்பெண் வழங்கும் பழக்கம் குறைந்து, மூலம் குறித்தமைக்கு மதிப்பெண் வழங்கும் வழக்கம் வளர வேண்டும்.

நான்காவதாக, திரைக்கு வெளியேயும் சான்றுகள் உள்ளன என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். கடாரத்தைப் பற்றி எழுதும் மாணவர், கெடா மாநிலத்தின் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் பத்து பகாட் குன்றின் சண்டியை நேரில் காணலாம். அப்பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 திசம்பரில் வெளிவந்தது. காக்கப்படாத சான்று அழியும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் எந்தப் பக்கத்தில் உண்டு? தோட்டத்து வாழ்வைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு, பால்மரம் சீவிய பாட்டியைவிடச் சிறந்த மூலம் உண்டோ? பாட்டியின் நினைவும் பிழைபடக்கூடும். அதனையும் அதே மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கப் பிள்ளை பழகட்டும்.

இறுதியாக, எழுத்தாளர்க்கும் கடன் உண்டு. ஆண்டுக்கு ஒரு கவிதை குறைந்தாலும் தமிழ் வாழும். பிள்ளைகள் நம்பிப் படிக்கச் சான்றோடு எழுதிய ஒரு பக்கம் இல்லாது போனால் தமிழ் தளரும். எழுத்தாளர் எழுதுக, ஆசிரியர் சரிபார்க்க, இருவரும் தம் பெயரையும் ஆண்டையும் சான்றையும் அடியில் பொறிக்க.

நாளை வேறொரு சிறுவன் பத்துமலையைப் பற்றித் திரட்டேடு செய்வான். ‘2006 முதல் 2022 வரை உலகின் மிக உயரமான முருகன் சிலையாக இது விளங்கியது’ என்று அவன் எழுதி, அதன் கீழே தான் கண்ட மூலங்கள் இரண்டையும் குறிப்பானாயின், சிலையின் பெருமை இம்மியும் குறையாது. பிள்ளையின் பெருமை வளரும். இடைநிலைப்பள்ளியில் ‘சான்று எங்கே?’ என்று எவர் கேட்பினும், தமிழில் கற்ற அவனிடம் விடை இருக்கும்.